கருந்திரையில் மூன்றாவது ஆள்

கதவு மூடிய சத்தத்தில் ஒரு மரியாதை இருந்தது. படார் என்று அறையவில்லை. 'க்ளிக்' என்று, வாயைப் பொத்திக்கொண்டு இருமுவதைப் போல மூடியது. அவர்களை உள்ளே விட்டுப் போன மேனேஜரும் அப்படித்தான் பேசினார்.

"காத்துல மூடிக்கிச்சு போல அண்ணி," என்றான் வால்.

"அண்டர்கிரவுண்ட்ல ஏதுடா காத்து?"

வால் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். தள்ளினான். தோளால் முட்டினான். இரும்புக் கதவு அவனைப் பொருட்படுத்தவே இல்லை. செல்போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி.

வால் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து ஒருமனதாக வைத்தது. கம்ப்யூட்டர் படிப்பைப் பாதியில் விட்டு, வேலைகளைக் கால்வாசியில் விட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவனை, அண்ணன் மனைவி தன் துப்பறியும் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டாள். "வீட்ல உக்காந்து என்னைக் கிண்டல் பண்றதை ஆபீஸ்ல வந்து பண்ணு" என்பதுதான் நியமன உத்தரவு. அவனுக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. மூடிய அறை ஆகாது. எத்தனை மாடியானாலும் லிஃப்டில் ஏற மாட்டான், படிதான். பயம் ஏற ஏற வாய் நீளும்.

"அண்ணி, ஒருவேளை நம்மளைப் பிடிச்சுப்போய் வச்சுக்கிட்டாரோ?"

"வாயை மூடிட்டு அந்த ஏசியைப் பாரு. தண்ணி சொட்டுதா?"

சொட்டவில்லை. சுவரில் இருந்த இரண்டு ஏசிகளும் காட்டுத்தனமான சத்தத்தோடு நன்றாகவே குளிரைக் கொட்டிக்கொண்டிருந்தன.

"நாம ஏசி மெக்கானிக்னு சொல்லிட்டு வந்தோம். அந்த ஆளு 'நல்லவேளை வந்தீங்க, கீழ தண்ணி சொட்டுது'ன்னு கூட்டிட்டு வந்து விட்டான். சொட்டாத தண்ணிக்கு எதுக்குடா கூட்டிட்டு வரணும்? நாம மெக்கானிக் இல்லைன்னு வாசல்லயே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

வால் மறுபடி போய்க் கைப்பிடியை இழுத்துப் பார்த்தான்.

விஷயம் இதுதான். முந்தின நாள் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்து அழுதாள். அவளுக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா. வேறு கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அந்த அக்கா இந்த ரத்தப் பரிசோதனை நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். படமும் பொத்தானும் எதுவும் வேண்டாம் என்று, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கட்டளைகளைத் தட்டியே எல்லா வேலையையும் முடிப்பாள் என்பதால், ஆபீசில் அவளுக்குக் கருந்திரை என்றே பெயர். வேலைக்குப் போனவள் இரண்டு நாளாக வீடு திரும்பவில்லை. கேட்டால், "வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்களே" என்கிறார் மேனேஜர். போலீசில், "பெரிய பொண்ணுதானே, வருவாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தங்கை இப்போது தெருக்கோடியில் காருக்குள் காத்துக்கொண்டிருந்தாள்.

அறையின் மூன்று பக்கமும் இரும்பு அலமாரிகள். அவற்றில் பச்சை விளக்குகள் சிமிட்டும் பெட்டிகள். நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் சாதாரண கம்ப்யூட்டர். திரை இருட்டாக இருந்தது. அண்ணி கீழே இருந்த பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சுடுது. இது தூங்கலைடா. முகத்துல துணியைப் போட்டு மூடியிருக்காங்க, அவ்வளவுதான்."

திரையின் பொத்தானை அழுத்தினாள். கறுப்பு நிறம் உயிர் பெற்றது. மேலே இருந்து கீழே வரை வெள்ளை எழுத்துகள். கடைசி வரியில், ஒரு சொல்லின் பாதியில், ஒரு சின்னக் கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது.

"என்னடா இது?"

வால் குனிந்து படித்தான். "காப்பி எடுக்கறதுக்கான கட்டளை அண்ணி. எதை எடுக்கணும்னு தட்டியிருக்காங்க. எங்க வைக்கணும்னு தட்ட ஆரம்பிச்சு பாதியில நிக்குது. என்ட்டர் தட்டல."

"வேலையை விட்டுட்டுப் போறவ ராஜினாமா கடிதத்தைப் பாதியில விடலாம். சொல்லைப் பாதியில விடுவாளா? அவ கையை யாரோ இதுமேல இருந்து பிடிச்சுத் தூக்கியிருக்காங்க."

வால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பாதியில் விட்ட படிப்புக்கு இப்படி ஒரு பரீட்சை வரும் என்று யார் கண்டார்கள்?

"முதல்ல இந்த மெஷினுக்குள்ள யாரெல்லாம் இருக்காங்கன்னு கேட்போம். ரொம்ப மரியாதையான மெஷின் அண்ணி. 'யாரு'ன்னு கேட்டா பதில் சொல்லும்."

அந்தப் பாதிக் கட்டளையை அழித்துவிட்டு WHO என்று தட்டினான். அப்படியொரு கட்டளையே கிடையாது என்று திரை முகத்தில் அடித்தது.

"ரொம்ப மரியாதைதான்," என்றாள் அண்ணி.

"பெரிய எழுத்துல தட்டிட்டேன். இதுக்குப் பெரிய எழுத்து வேற, சின்ன எழுத்து வேற." இந்த முறை சின்ன எழுத்தில் who.

மூன்று வரிகள் வந்தன.

முதல் வரியில் கருந்திரையின் பெயர். இதே மேஜையில் உள்ளே நுழைந்தவள் இன்னும் வெளியேறவில்லை. இரண்டாவது வரியிலும் கருந்திரையின் பெயர்தான், ஆனால் மேல் மாடியிலிருந்து நெட்வொர்க் வழியாக. மூன்றாவது வரியில் வெறுமனே guest, விருந்தாளி. அதற்கு எதிரே ttyS0 என்று என்னவோ வித்தியாசமாக இருந்தது.

"ஒரே ஆளு ரெண்டு இடத்துல?" என்று அண்ணி புருவத்தைத் தூக்கியபோதே திரை கூவியது. புதிதாக ஒரு வரி தானாக வந்து விழுந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். எல்லாமே பெரிய எழுத்து.

*நான்தான் கருந்திரை. பயப்படாதீர்கள். மேலே பத்திரமாக இருக்கிறேன். காப்பியை எடுத்துவிட்டீர்களா? எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். கதவைத் திறக்கிறேன்.*

"உயிரோட இருக்காங்க அண்ணி!" வாலின் விரல்கள் விசைப்பலகைக்குப் பாய்ந்தன. பாதி வழியில் நின்றன. "அண்ணி… இவ்வளவு நாள் இந்தத் திரையிலயே குடித்தனம் பண்ணவங்க பெரிய எழுத்துல எழுதுவாங்களா? நானே ஒரு தடவை எழுதி அடி வாங்கிட்டேன்."

அண்ணி அவனை ஒரு கணம் பார்த்தாள். "உனக்கு அண்ணன் மூளை இல்லைன்னு யாருடா சொன்னது?"

"நீங்கதான். வாராவாரம்."

"அதை வாபஸ் வாங்கறேன். நான் சொல்றதை அப்படியே தட்டு. 'உங்க அண்ணன் வாசல்ல நிக்கிறார். ரொம்பக் கவலையா இருக்கார்.'"

"அவங்களுக்குத் தங்கச்சி மட்டும்தானே?"

"தட்டுடா."

தட்டினான். திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பதில் வந்தது.

*அண்ணனைப் போகச் சொல்லுங்கள். நானே வீட்டுக்கு வந்துவிடுவேன்.*

இருவரும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வால் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"மேனேஜர்," என்றாள் அண்ணி. "அவ பேரைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். மேல உக்காந்து என்ன பண்றான்னு பார்க்க முடியுமா?"

"முடியும். அதுக்கு ஒரே எழுத்துதான்." w என்று தட்டினான். யார் யார் இருக்கிறார்கள் என்பதோடு, அவரவர் இந்த நிமிடம் என்ன செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துத் திரை ஒப்பித்தது. மேல் மாடிக்காரனுக்கு எதிரே இருந்த சொல்லைப் படித்ததும் வாலுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என் பேரு போட்டிருக்கு அண்ணி."

"உளறாதே."

"நிஜமாத்தான். tail. வால். வளர்ந்துக்கிட்டே போற ஒரு கோப்போட கடைசி வரியை, விழ விழக் காட்டற கட்டளை. கோப்பு பேரைப் பாருங்க. இந்த மேஜையில தட்டற ஒவ்வொண்ணும் அதுலதான் போய் விழுது. நான் தட்டத் தட்ட அந்த ஆளு மேல உக்காந்து வாசிச்சுக்கிட்டிருக்கான்."

அண்ணி மெதுவாக நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டாள். அவள் அப்படிப் பற்றிக்கொண்டு வால் பார்த்ததே இல்லை.

"அப்போ நம்மளை அடைச்சு வைக்கறதுக்காக உள்ள விடலை. கருந்திரை எதையோ ஒளிச்சு வச்சிருக்கா. அது எங்கன்னு அவனுக்குத் தெரியலை. நாம அவ அனுப்பின ஆளுங்கன்னு நினைச்சு, நேரா அங்கதான் போவோம்னு விட்டுப் பார்த்திருக்கான். நாம பிடிபட்ட மீன் இல்லைடா, தூண்டில்ல குத்தின புழு."

"இப்ப நாம கண்டுபிடிச்சதும் அவனுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

பதில் சொல்லத் தேவையே இருக்கவில்லை. தலைக்கு மேலே விளக்குகள் அணைந்தன. ஏசிகள் இரண்டும் பெருமூச்சு விட்டு நின்றன. இருட்டில் அந்தக் கறுப்புத் திரையும் சிமிட்டும் பச்சைப் புள்ளிகளும் மட்டும் மிச்சம்.

*சொன்னால் திறப்பேன்*, என்றது திரை.

இத்தனை பெட்டிகளின் சூட்டையும் இதுவரை விழுங்கிக்கொண்டிருந்தவை அந்த ஏசிகள்தான். அவை நின்றதும் சூடு மெல்லக் கையை நீட்டி அறையை நிரப்பியது. சட்டைக் காலர் நனைந்தது. காற்றுக்கு இரும்பின் வாசனை வந்தது. வால் சுவர்களைப் பார்க்காமல் இருக்க முயன்றான். இருட்டில் அவை எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை என்பதுதான் இன்னும் மோசம். நெஞ்சுக்குள் யாரோ நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"ஒரு ஜோக் சொல்லேன்," என்றாள் அண்ணி மெதுவாக.

"வரலை அண்ணி."

அவள் கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ கொஞ்ச நேரம் சும்மா இரு. காதை மட்டும் தீட்டிக்கோ."

ஏசி சத்தம் இருந்தவரை இந்த அறையில் வேறு எதுவும் காதில் விழ வாய்ப்பில்லை. இப்போது அமைதி. அந்த அமைதியில், அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து, டொக் டொக் என்று விசை தட்டுவதைப் போல ஏதோ கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"அந்த மூணாவது ஆளு," என்று அண்ணி கிசுகிசுத்தாள். "அந்த விருந்தாளி. அது எங்கிருந்துன்னு போட்டிருந்தது?"

வாலுக்கு மண்டையில் பல்ப் எரிந்தது. "அது நெட்வொர்க் இல்லை அண்ணி! பழைய காலத்து சீரியல் கேபிள். ஒரு முனை இந்தப் பெட்டியில, மறுமுனை அந்த ஆளோட திரையில. அந்தக் கேபிள் ரொம்ப தூரம் போகாது. அப்படின்னா அவரு இங்கதான், பக்கத்துலயே…"

செல்போன் வெளிச்சத்தில் பெட்டியின் பின்புறம் மண்டியிட்டான். நெட்வொர்க் கேபிள்கள் எல்லாம் நீலம். ஒன்று மட்டும் பழுப்பேறிய சாம்பல் நிறத்தில், விரல் தடிமனில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்தான். மேஜைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், தூசிக்குள். சுவரில் தரையை ஒட்டி இருந்த ஓட்டைக்குள் கேபிள் நுழைந்து மறைந்தது. வால் முகத்தைத் தரையோடு ஒட்டவைத்துக்கொண்டான்.

"யாருங்க அங்க?"

ஓட்டைக்குள்ளிருந்து வறண்ட பெண் குரல் ஒன்று வந்தது. "நீங்க யாரு?"

அண்ணி அவனைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். "உன் தங்கச்சி அனுப்பின ஆளுங்கம்மா."

 ஓட்டைக்குள் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

அது பேட்டரி அறை. மின்சாரம் போனால் இந்த மெஷின்களைத் தாங்குகிற பேட்டரிகள் அங்கேதான் இருந்தன. மேனேஜரும் ஒரு காவலாளியும் அவளைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே அடைத்து, பன்னும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பேட்டரி அளவைப் பார்ப்பதற்காக எப்போதோ மாட்டிய பழைய திரை ஒன்று மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. உடைசல் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். விருந்தாளியாக நுழையலாம், யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கலாம். வேறு ஒன்றும் செய்ய அதற்கு அதிகாரம் இல்லை.

"நீங்க தட்டறது இந்தத் திரையில தெரிஞ்சுது. ஆனா அவன் ஆளுங்களோன்னு பயந்துட்டேன்," என்றாள் கருந்திரை. "சோதனையில வர்றதை மாத்தி வேற ரிசல்ட் அடிச்சு அனுப்பறாங்க. வியாதி இருக்கறவங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு போகுது. மெஷின் சொல்ற நிஜ ரிசல்ட் வேற. அதை நான் பார்த்துட்டேன்."

"இப்ப நாங்க என்ன பண்ணணும்?"

"என் பேர்லதானே அவன் உள்ள வந்திருக்கான்? என் பேர்ல ஓடற எதையும் நிறுத்தற அதிகாரம் எனக்கு இருக்கு. நீங்க உக்காந்திருக்கறதும் என் பேருலதான். என் பேரைத் திருடினானே, அதுதான் அவன் பண்ணின தப்பு."

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அண்ணி ஓட்டையில் காதை வைத்துக் கேட்டுத் திருப்பிச் சொன்னாள். வால் மேஜைக்குத் தாவித் தட்டினான்.

"அண்ணி, kill-ன்னு வருது. கொலை பண்ணச் சொல்றாங்க!"

"பேருதான்டா அப்படி. தட்டு!"

என்ட்டர். அடுத்த நொடியே who என்று கேட்டுப் பார்த்தான். மேல் மாடிக்காரனின் வரி காணாமல் போயிருந்தது. அவன் மறுபடி நுழைவதற்குள், அவள் சொல்லச் சொல்ல கடவுச்சொல்லை மாற்றினான். அதன் பிறகு பூட்டுகளுக்கான கட்டளை. எல்லாக் கதவுகளின் பூட்டும் இதே மெஷினின் பேச்சைத்தான் கேட்டன.

க்ளிக். பக்கத்தில் எங்கோ இன்னொரு க்ளிக்.

வால் கதவைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். தாழ்வாரத்துக் காற்று முகத்தில் பட்டது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்துக் கதவிலிருந்து ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கலைந்த தலை, கசங்கிய புடவை. அதே நேரம் மேலே படிக்கட்டில் தடதடவென்று காலடிகள். ஒருவர் அல்ல, இருவர்.

"அந்தப் பக்கம் சரக்கு இறக்கற வழி இருக்கு," என்று அண்ணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாம்மா, ஓடிடலாம். காப்பி எங்க வச்சிருக்க? போற வழியில எடுத்துக்கலாம்."

கருந்திரை நகரவில்லை.

"காப்பின்னு ஒண்ணு இல்லவே இல்லீங்க."

"என்னது?"

"எடுக்கறதுக்குள்ள பிடிச்சுட்டாங்க. எடுத்து ஒளிச்சு வச்சிருக்கேன்னு பொய் சொன்னேன். அது கிடைக்கற வரைக்கும் என்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னுதான். நிஜ ரிசல்ட் எல்லாம் இந்த மெஷின்லதான் இருக்கு. நாம இப்ப ஓடினா, இதை உடைச்சுப் போட்டுடுவாங்க. அந்த நோயாளிங்களுக்குத் தெரியவே தெரியாது." அவள் அறைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீங்க போங்க. கதவை மட்டும் சாத்திட்டுப் போங்க. இங்கிருந்தே பூட்டிக்கறேன்."

காலடிகள் கடைசிப் படிகளுக்கு வந்துவிட்டன. அண்ணி வாலைப் பார்த்தாள்.  அவளும் உள்ளே போனாள்.

வால் தாழ்வாரத்தின் கோடியைப் பார்த்தான். சரக்கு வழியின் கம்பிகளுக்கு அப்பால் வெயில் தெரிந்தது. நல்ல, அகலமான, சுவரே இல்லாத வெயில். அவன் ஒரு கெட்ட வார்த்தையை முணுமுணுத்துவிட்டு அறைக்குள் வந்து, இரும்புக் கதவைத் தன் கையாலேயே இழுத்துச் சாத்தினான்.

"பூட்டுங்க," என்றான். குரல் கீச்சிட்டது.

பூட்டு விழுந்த மறுகணம் வெளியே கதவில் இடி விழுந்தது. மேனேஜரின் மரியாதை எல்லாம் போயிருந்தது. இதுவரை கேட்டிராத வசவுகள் கதவிடுக்கு வழியாக வந்தன. கருந்திரை திரும்பிப் பார்க்கவில்லை. அவள் விரல்கள் தட்டிய வேகத்தைப் பார்த்து வால் மூச்சுத் திணறலையே கொஞ்சம் மறந்தான். ஒவ்வொரு நோயாளியின் நிஜ ரிசல்ட்டும் அவரவர் டாக்டருக்குப் போகும்படி கட்டளைகளைக் கோத்தாள். தங்கைக்கு ஒரு வரி, 'போலீசோட வா' என்று. அந்த டாக்டர்களில் யாராவது ஒருவர் கூப்பிட்டால் போதும், போலீஸ் இந்த முறை சமாதானம் சொல்லி அனுப்பாது.

அப்போது அறை முழுக்கப் பீப் பீப் என்று அலறியது. யாரோ மேலே ஓடிப்போய் மொத்த மின்சாரத்தையும் பிடுங்கியிருக்க வேண்டும். பேட்டரி தாங்குகிறவரைதான் இனி.

"தாங்குமா?" என்றாள் அண்ணி.

"மூணு நாளா அதுகூடத்தான் குடியிருந்தேன். தாங்கும்." அவள் என்ட்டரைத் தட்டினாள்.

திரையில் ஒன்றுமே வரவில்லை. எண்ணிக்கை இல்லை, கோடு இல்லை, எதுவும் இல்லை. வெளியே கதவை எதனாலோ இடித்தார்கள். சூட்டில் வாலின் கண்ணுக்குள் வேர்வை இறங்கி எரிந்தது. அவன் அண்ணியின் முந்தானை நுனியைப் பிடித்திருப்பது அவனுக்கே தெரியவில்லை. பிறகு, திரையின் ஓரத்தில், அந்தச் சின்னக் கட்டம் மறுபடி மினுக்கத் தொடங்கியது.

"என்ன ஆச்சு? ஒண்ணுமே சொல்லலையே!" என்றான் வால்.

"ஏதாவது தப்பாப் போனாத்தான் இது வாயைத் திறக்கும்," என்றாள் கருந்திரை. "வேலை முடிஞ்சா பேசாது. எல்லாம் போய்ச் சேர்ந்திடுச்சு."

இடிப்பது அதற்குப் பிறகும் வெகுநேரம் கேட்டது. அப்புறம் பல கால்கள் ஓடும் சத்தம், அதட்டல், யாரோ தரையில் விழும் சத்தம். கொஞ்சம் அமைதி. யாரோ கதவை மெல்லத் தட்டினார்கள்.

"அக்கா? அக்கா, உள்ள இருக்கியா?"

கருந்திரை பூட்டைத் திறக்கும் கட்டளையைத் தட்டினாள். அப்படியொரு கட்டளை இல்லை என்றது திரை. மறுபடி தட்டினாள். மறுபடியும் இல்லை என்றது. இத்தனை நேரம் இயந்திரம்போல ஓடிய விரல்கள் இப்போது நடுங்கி, எழுத்தை மாற்றி மாற்றி மிதித்தன. கண்ணீர் விசைப்பலகையில் சொட்டியது.

வால் அவளுக்கு அருகில் மண்டியிட்டான். "நீங்க எழுத்தைச் சொல்லுங்க அக்கா, நான் தட்டறேன்," என்றான்.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றாகத் தட்டினான். எல்லாம் சின்ன எழுத்தில்.